படம் அழகா இருக்கு, விதி எந்தப் பக்கத்தில் இருக்கு?

போன எபிசோடில் இன்சிடென்ட் மேனேஜ்மென்ட் பத்திப் பேசிக்கிட்டிருந்தப்போ, "நல்ல ரன்புக்னா மோத்தர்ஷிப் புத்தகம் மாதிரி இருக்கணும்"னு நான் ஒரு வரி சொன்னேன். நேரம் முடிஞ்சதால அதை அப்படியே விட்டாச்சு. அது என்ன புத்தகம், அதுக்கும் நடுராத்திரி சர்வர் விழுறதுக்கும் என்ன சம்பந்தம்னு கேட்டு நிறைய மெயில் வந்தது. அதனால இந்த வாரக் கடிதம் அதைப் பத்தி. கிளவுட் பில், ஐஆர்35 புலம்பல் எல்லாம் அடுத்த வாரம்.

முதலில் தெரியாதவங்களுக்கு. டேபிள்டாப் ஆர்பிஜி என்பது நாலைந்து பேர் மேசையைச் சுத்தி உட்கார்ந்து ஆடுற கதை விளையாட்டு. ஒருத்தர் கேம் மாஸ்டர். உலகம், எதிரிகள், வழியில் வர்ற டீக்கடைக்காரர் எல்லாமே அவர் பொறுப்பு. மத்தவங்க ஆளுக்கொரு பாத்திரம். சந்தேகமான காரியம் எதையாவது செய்யப் போனா பகடை உருட்டணும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் பேரை எல்லாரும் கேள்விப்பட்டிருப்பீங்க. அது பெரிய கம்பெனி. நான் பேசப்போறது ரெண்டு பேர், மூணு பேர் சேர்ந்து நடத்துற சின்னப் பதிப்பகங்களைப் பத்தி. லண்டனில் இதுக்குக் குறைச்சலே இல்லை. கோவென்ட் கார்டன் பக்கம் எர்லம் தெருவில் ஆர்க்ஸ் நெஸ்ட், ஃபின்ச்லியில் லெஷர் கேம்ஸ்னு பழைய கடைகள் இருக்கு. வருஷக் கடைசியில் டிராகன்மீட் கூடும். ஹேமர்ஸ்மித் நோவோடெல் ஓட்டலில் பல வருஷம் நடந்த அந்தக் கூட்டத்துக்கு ஒரு தடவை போனா, பை நிறைய மெல்லிசு புத்தகங்களோடதான் டியூப் ஏறணும்.

இப்போ ரன்புக் விஷயத்துக்கு வர்றேன். ராத்திரி ரெண்டு மணிக்கு அலர்ட் வருது. கண் பாதி மூடியிருக்கு. பிரிட்ஜ் காலில் ஆறு பேர் மௌனமா நீங்க என்ன சொல்லப்போறீங்கன்னு காத்திருக்காங்க. அந்த நேரத்தில் உங்களுக்கு வேண்டியது கான்ஃப்ளூயன்ஸில் யாரோ எழுதின நாற்பது பக்க ஆர்க்கிடெக்சர் வரலாறு இல்லை. "இந்த எரர் வந்தா இதைச் செய்" என்கிற ஒரு பக்கம். கேம் மாஸ்டரின் நிலைமை அச்சு அசல் இதேதான். மஞ்சள் விளக்கு, சிப்ஸ் எண்ணெய் பட்ட கை, அஞ்சு பேர் முகம் பார்க்க, ஒருத்தர் கேட்கிறார்: "நான் ஆத்துல குதிச்சா கவசத்தோட நீந்த முடியுமா?" அந்த விதியை முப்பது விநாடிக்குள்ள எடுக்கணும். எடுக்க முடியலைன்னா மேசையில் போன்கள் வெளிய வந்துடும். அப்புறம் எவ்வளவு நல்ல கதையா இருந்தாலும் அவங்களைத் திரும்பக் கொண்டுவர்றது கஷ்டம்.

எங்க குழு ஈஸ்ட் ஹாமில் ரெண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடும். சமீபத்தில் கூட்டு நிதியில் வந்த ஒரு புத்தகத்தை எடுத்து ஆடினோம். பேர் சொல்லலை, உழைச்சவங்க அவங்க. கெட்டி அட்டை, முந்நூறு பக்கத்துக்குக் கிட்ட, பக்கத்துக்குப் பக்கம் முழுவண்ண ஓவியம். பார்த்தா கண்ணுல ஒத்திக்கலாம். ஆனா எழுத்து அச்சானது பழுப்பேறின தோல் மாதிரி ஒரு டெக்ஸ்சர் மேல, எட்டரை பாயின்ட் அளவில், ரெண்டு பத்தியா. கைகலப்பு விதி மூணு இடத்தில் பிரிஞ்சு கிடந்தது: சண்டை அத்தியாயத்தில் ஒரு பாதி, திறமைகள் பட்டியலில் கால், மீதி ஒரு பூதத்தின் விவரக் குறிப்புக்குள்ள. பின்னாடி பொருட்குறிப்பு அகராதியும் கிடையாது. பிடிஎஃப்பில் புக்மார்க்கும் இல்லை. மூணாவது தடவை நான் பக்கம் புரட்டினப்போ, எங்க குழுவில் இருக்கிற யாழ்ப்பாணத்துத் தம்பி சொன்னான்: "அண்ணை, உந்தப் புத்தகத்தை மூடி வையுங்கோ. நீங்கள் வாயால சொல்லுறதையே நாங்கள் விதி எண்டு எடுப்பம்." அப்படித்தான் அந்த ஆட்டம் முடிஞ்சது. நாற்பத்தஞ்சு பவுண்டு புத்தகம் காபி டேபிளுக்கு அழகா இருக்கு.

ஏன் இப்படி ஆகுது? சோம்பேறித்தனம் இல்லை. பணம் வர்ற வழி அப்படி. கூட்டு நிதி திரட்டும் பக்கத்தில் விற்கிறது படம்தான். "எங்க பொருட்குறிப்பு அகராதி பிரமாதம்"னு சொல்லி யார்கிட்டயும் காசு வாங்க முடியாது. அதனால முதல் காசு ஓவியருக்குப் போகுது. நல்லது, போகட்டும். எழுத்தும் படமும் வந்து சேர்ந்த பிறகு, தேதி தாண்டி, காசு தீர்ந்து, கடைசி ரெண்டு வாரத்தில் எழுத்தாளரே யூடியூப் பார்த்து பக்கம் கட்டறார். நம்ம துறையில் டெஸ்டிங்குக்கு நடக்கிற அதே கதை.

ஆரம்பத்தில் இருந்தே இது இப்படித்தான். 1974இல் அமெரிக்காவின் லேக் ஜெனீவாவில் கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னஸனும் கொண்டுவந்த முதல் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ், ஒரு பெட்டிக்குள் மூணு சின்ன பழுப்பு நிறப் புத்தகம். ஆயிரம் பிரதி. படங்கள் பள்ளிக்கூட நோட்டுப் புத்தக ரகம். அதில் சிலது மார்வெல் காமிக்ஸைப் பார்த்து வரைஞ்சதுங்கிறது இப்போ ஊருக்கே தெரியும். படத்தை விடுங்க, விதிகளே புரியாது. சண்டைக்கு வேற ஒரு புத்தகத்தைப் பார்னு சொல்லும். ஒவ்வொரு ஊரிலும் ஒவ்வொரு மாதிரி ஆடினாங்கன்னா அதில் பாதிக் காரணம் பக்க அமைப்புதான்.

மூணு வருஷம் கழிச்சு 1977இல் மார்க் மில்லரின் டிராவலர் வந்தது. அதுவும் மூணு சின்னப் புத்தகம், ஆனா கறுப்பு அட்டை. அட்டையில் ராக்கெட்டும் இல்லை, ஏலியனும் இல்லை. பெட்டியின் மேல் ஒரு கப்பல் உதவி கேட்டு அனுப்புற சில வரிச் செய்தி மட்டும். உள்ளேயும் படம் அனேகமா கிடையாது. ஐம்பது வருஷம் நெருங்குது, இன்னும் அந்தக் கறுப்பு அட்டையை ரசிகர்கள் பாதுகாத்து வெச்சிருக்காங்க. படம் இல்லாத புத்தகம் அசிங்கமா இருக்கணும்னு சட்டமில்லை.

லண்டன் கதைக்கு வருவோம். 1975இல் ஷெப்பர்ட்ஸ் புஷ் பக்கம் ஒரு ஃபிளாட்டில் ஸ்டீவ் ஜாக்ஸன், இயன் லிவிங்ஸ்டன், ஜான் பீக் மூணு பேரும் தொடங்கினதுதான் கேம்ஸ் வொர்க்ஷாப். (அமெரிக்காவிலும் ஒரு கேம் டிசைனர் ஸ்டீவ் ஜாக்ஸன் உண்டு, அவர் வேற ஆள். இந்தக் குழப்பத்தில் மாட்டாத கூகுள் தேடலே இல்லை.) டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸை ஐரோப்பாவில் விற்கிற உரிமையை வாங்கினது இவங்கதான். 1978இல் ஹேமர்ஸ்மித் டாலிங் சாலையில் முதல் கடை. 1982இல் ஜாக்ஸனும் லிவிங்ஸ்டனும் சேர்ந்து எழுதி பஃபின் வெளியிட்ட 'தி வார்லாக் ஆஃப் ஃபயர்டாப் மவுண்டன்' பள்ளிப் பிள்ளைகள் கையில் பகடையைக் கொடுத்தது. நானூறு எண்ணிட்ட பத்திகள், ரஸ் நிக்கல்ஸனின் நுணுக்கமான கறுப்பு வெள்ளைக் கோட்டோவியம்.

அந்த மலிவான பேப்பர்பேக்கை இன்னிக்கு எடுத்துப் பாருங்க. அதில் பக்க அமைப்பு வேலை செய்யும். முன்னாடியே சாகசத் தாள்: திறமை, உடல் வலு, அதிர்ஷ்டம் எழுதக் கட்டம், எதிராளிகளுக்குக் கட்டம். ஜாக்ஸனின் 'சார்சரி!' வரிசையில் பக்கத்தின் அடியில் பகடைப் படத்தையே அச்சடிச்சிருப்பாங்க. ரயிலில் போறப்போ பகடை உருட்ட இடமில்லைன்னா, கண்ணை மூடிப் புத்தகத்தை ஏதாவது ஒரு பக்கத்தில் திறந்தா போதும். படம், விதி, பேப்பர் மூணும் ஒண்ணா யோசிக்கப்பட்ட விஷயம் இது. கூடுதல் செலவு எவ்வளவு? கொஞ்சம் மை.

நம்மாளுங்களுக்கு இந்த அழகியல் புதுசு இல்லை. 1972இல் சிவகாசியில் முத்து காமிக்ஸ் 'இரும்புக்கை மாயாவி'யோட தொடங்கினது ஞாபகம் இருக்கா? அந்த மாயாவி லண்டன் சரக்கு. 1962இல் வேலியன்ட் பத்திரிகையில் வந்த ஸ்டீல் க்ளா. வரைந்தவர் ஸ்பெயின்காரர் ஜீஸஸ் பிளாஸ்கோ. எங்க சித்தப்பா வெச்சிருந்த பழைய பிரதிகளில் தாள் சாணித்தாள், மை பின்பக்கம் தெரியும். ஆனா அடுத்து எந்தக் கட்டத்தைப் படிக்கணும்னு ஒரு நாளும் குழம்பினதில்லை. பிளாஸ்கோவின் கறுப்பு வெள்ளை அந்த அச்சையும் தாங்கி நின்னது.

சரி, அப்போ ஓவியம் முக்கியமில்லைன்னு சொல்றேனா? நேர் எதிர். ஓவியம் ரொம்ப முக்கியம்னு நினைக்கிறதாலதான், அதைப் பக்கம் நிரப்பப் பயன்படுத்துறதைப் பார்த்தா எரிச்சல் வருது. ஒரு உதாரணம் போதும். 1977இல் வந்த டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் 'மான்ஸ்டர் மேனுவல்' புத்தகத்தில் ராக்ஷசனுக்கு ஒரு பக்கம் உண்டு. டேவிட் டிராம்பியர் வரைஞ்ச படம். புலித் தலை, பணக்கார வீட்டு அங்கி, கையில் புகைக்குழாய். ராவணனோ கும்பகர்ணனோ புலித் தலையோட இருந்ததா நம்ம எந்தக் கதையிலும் கிடையாது. ஆனா அந்த ஒரே ஒரு படத்துக்குப் பிறகு, அந்த விளையாட்டின் ஒவ்வொரு பதிப்பிலும் ராக்ஷசன்னா புலிதான். வீடியோ கேமிலும் அப்படித்தான். ஈஸ்ட் ஹாமில் வளர்ந்த ஒரு பதினாறு வயசுப் பையன் எங்க மேசையில் என்கிட்டக் கேட்டான்: "அங்கிள், ராவணனுக்குப் பத்து தலையும் புலித் தலையா?" அந்த ஓவியர் கெட்ட எண்ணத்தில் செய்யலை. படம் அருமையானது, அதுதான் ஒட்டிக்கிட்டது. சின்னப் புத்தகத்தில் நாலு படம்தான் போட முடியும்னா, அந்த நாலும் ஒரு உலகத்தை இப்படி நிரந்தரமாத் தீர்மானிக்கப் போகுது. அதை எவ்வளவு யோசிச்சுப் போடணும்!

இதைச் சரியாப் பண்றவங்களும் இருக்காங்க. மோத்தர்ஷிப், ஷான் மெக்காயின் விண்வெளித் திகில் விளையாட்டு, 2018இல் மெல்லிசு புத்தகமா வந்தது. அதோட கேரக்டர் ஷீட்தான் நான் எபிசோடில் சொன்ன ரன்புக். தாளிலேயே அம்புக்குறி ஓடும்: முதலில் இதை உருட்டு, அப்புறம் இதைத் தேர்ந்தெடு, அடுத்து இங்கே எழுது. புத்தகத்தைத் திறக்காமலே புது ஆள் பத்து நிமிஷத்தில் பாத்திரத்தைத் தயார் பண்ணிடலாம். ஃப்ளோசார்ட்டும் படிவமும் ஒண்ணே. நம்ம ஆன்போர்டிங் டாக்குமென்ட் எழுதுறவங்களுக்கு இதை பிரிண்ட் எடுத்துக் கொடுக்கணும்.

மவுஸ்ரிட்டர் இன்னும் ஒரு படி மேல. நீங்க ஒரு எலி. உங்க மூட்டையில் இருக்கிற பொருள் எல்லாம் சின்னச் சின்ன அட்டையா ஷீட்டில் இருக்கிற கட்டங்களில் உட்காரும். பசிச்சா, காயம் பட்டா, அதுக்கும் ஒரு அட்டை. அதுவும் ஒரு கட்டத்தை அடைச்சுக்கும். பசியோட இருக்கிறவனால் நிறைய சுமக்க முடியாது என்கிறதை விளக்க ஒரு பத்தி கூட எழுத வேண்டியதில்லை. கட்டத்தில் இடம் இல்லை, அவ்வளவுதான்.

ஓல்ட் ஸ்கூல் எசென்ஷியல்ஸ் எனக்கு இன்னும் பெரிய சாட்சி. கேவின் நார்மன் அதில் புதுசா விதி எதையும் கண்டுபிடிக்கலை. 1981இல் வந்த பழைய டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விதிகள்தான். அவர் செய்ததெல்லாம் அடுக்கி வெச்சது. ஒரு விஷயம் திறந்த ரெண்டு பக்கத்துக்குள்ள முடிஞ்சுடும். பக்கம் திருப்பினா வேற விஷயம். முக்கியச் சொல் தடித்த எழுத்தில், விவரம் அதுக்குப் பக்கத்திலேயே. கிட்டத்தட்ட நாற்பது வருஷப் பழைய விதிகளை மக்கள் காசு கொடுத்து மறுபடி வாங்கினாங்க. எதுக்கு வாங்கினாங்க? அந்த அடுக்குக்கு. ரீஃபேக்டரிங் மட்டும் பண்ணி ஒரு பிராடக்ட்டை விற்ற இன்னொரு ஆளை எனக்குத் தெரியாது.

இப்போ என் வாதத்தை உடைக்கிற புத்தகம்: மோர்க் போர்க். ஸ்வீடன்காரங்க பெல்லே நில்ஸன் எழுத, யோஹான் நோர் வடிவமைச்சது. கண்ணைக் குத்துற மஞ்சள் அட்டை. உள்ளே ஒவ்வொரு பக்கமும் ஒரு பங்க் ராக் கச்சேரி போஸ்டர். எழுத்து சாய்ஞ்சிருக்கும், தலைகீழா இருக்கும், ஒரு பக்கத்தில் இருக்கிற எழுத்துரு அடுத்த பக்கத்தில் இருக்காது. நான் மேல சொன்ன எல்லாத்துக்கும் எதிரி. ஆனா 2020இல் என்னிஸ் விருதுகளில் பக்க அமைப்புக்குத் தங்கம் வாங்கினது அதுதான். நான் அதை எதிர்க்கலை. ரெண்டு காரணம். விதிகள் அவ்வளவு கொஞ்சம், ஒரு தடவை படிச்சா ஞாபகம் நிக்கும், தேட வேண்டிய தேவையே குறைவு. ரெண்டாவது, படமே இல்லாத, வெறும் எழுத்து மட்டுமான 'பேர் போன்ஸ்' பதிப்பை அவங்களே இலவசமாக் கொடுத்திருக்காங்க. விதி சும்மா கிடைக்குது, ஆனாலும் மக்கள் காசு போட்டு வாங்கறது அந்த மஞ்சள் வெறியை. நேர்மையான வியாபாரம். பின்னாடி வந்த நகல்கள்தான் பிரச்சினை. டிராகன்மீட்டில் ஒரு மேசைக்கு நாலு புத்தகம் அந்தப் பாணியில் பார்த்தேன். விதி நூறு பக்கம், எழுத்து மட்டும் தலைகீழ். இலவச எளிய பதிப்பு கொடுக்கிற நல்ல பழக்கத்தை யாரும் காப்பி அடிக்கலை.

பிரிட்டிஷ் எழுத்தாளர் கிறிஸ் மெக்டவல் 2014இல் வெளியிட்ட 'இன்டு தி ஆட்' புத்தகம் 2022இல் மறுபதிப்பா வந்தப்போ அதே யோஹான் நோர்தான் பக்கம் கட்டினார். அங்கே அவர் கத்தவே இல்லை. விதி தெளிவா, அமைதியா இருக்கும். அவர் எப்போ கத்தணும்னு தெரிஞ்ச ஆள்.

இதில் அழகைத் தாண்டி ஒரு விஷயம் இருக்கு. எங்க குழுவில் ஒருத்தருக்கு டிஸ்லெக்சியா. தோல் டெக்ஸ்சர் மேல சின்ன எழுத்து அவருக்கு வெறும் எரிச்சல் இல்லை, கதவை அடைக்கிறது. பிரிட்டிஷ் டிஸ்லெக்சியா அசோசியேஷனின் வழிகாட்டி தெளிவா சொல்லுது: 12 முதல் 14 பாயின்ட், எளிய எழுத்துரு, இடது பக்கம் மட்டும் சீரா இருக்கணும், முழு வரியையும் இழுத்து நிரப்பக் கூடாது, சாய்வெழுத்தைக் குறை. எதுக்கும் காசு ஆகாது. ஸ்கிரீன் ரீடர் வெச்சுப் படிக்கிறவருக்கு பிடிஎஃப்பில் டேக் வேணும், படிக்கிற வரிசை சரியா இருக்கணும். பின்னணிப் படத்தைத் தனி லேயரா வெச்சு அணைக்கிற மாதிரி கொடுக்கிறது அரை மணி நேர வேலை. 2025 ஜூன் 28 முதல் ஐரோப்பிய ஒன்றியத்தில் மின்நூல்களுக்கு அணுகல்தன்மைச் சட்டம் வந்தாச்சு. பத்துப் பேருக்குக் குறைவான குட்டி நிறுவனங்களுக்கு விலக்கு இருக்கு, அதனால இந்தப் பதிப்பகங்களில் பெரும்பாலானவற்றை யாரும் வந்து பிடிக்கப் போறதில்லை. சட்டம் பிடிக்காதுன்னா செய்ய வேண்டாம்னு அர்த்தமா?

இப்போ காசுக் கணக்கு. இது எனக்கு வெறும் கருத்து இல்லை, கைக்காசு. நாங்க நாலு பேர் சேர்ந்து 36 பக்கத்தில் ஒரு குட்டிப் புத்தகம் கொண்டுவரப் போறோம். ஏ5 அளவு, நடுவில் பின் அடிச்சது, காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் நடக்கிற கதை, தமிழிலும் இங்கிலீஷிலும். (பின் அடிச்ச புத்தகத்தில் பக்கம் நாலின் மடங்காத்தான் இருக்கணும். முப்பத்தேழாவது பக்கம் எழுதினா முப்பத்தெட்டு, முப்பத்தொன்பது, நாற்பதும் எழுதணும். கத்தரிக்கோல் வைக்க இதைவிட நல்ல காரணம் கிடையாது.) மொத்த பட்ஜெட் 900 பவுண்டு. 200 பிரதி அச்சுக்கு வந்த விலை 310. மீதி 590. போன மாசம் ஒரு மாலை முழுக்க இந்த 590 மேலதான் சண்டை.

ஒரு நண்பர் எல்லாத்தையும் ஓவியருக்குக் கொடுக்கணும்ங்கிறார். மேசையில் வெச்சா கண்ணைப் பிடிக்கணும், இல்லைன்னா யார் எடுத்துப் பார்ப்பான்னு கேட்டார். தப்பே இல்லை, ஆறடி தூரத்தில் இருந்து பொருட்குறிப்பு அகராதி தெரியாது. இன்னொருத்தர் சொன்னது: "மச்சான், ஏஐல போட்டா ஒரு ராத்திரில நாற்பது படம் வந்துரும், காசு மிச்சம்."

இதில் நான் விட்டுக் கொடுக்கிறதா இல்லை. வேலையில் தினமும் அந்தக் கருவிகளோடதான் இருக்கேன், வெறுப்பு கிடையாது. ஆனா இந்தத் துறையில் ஓவியர்கள் முகம் தெரிஞ்ச ஆட்கள். டிராகன்மீட்டில் பக்கத்து மேசையில் உட்கார்ந்திருப்பாங்க. 2023 ஆகஸ்டில் பெரிய கம்பெனியான விசார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்டே, ஒரு ராட்சதர் புத்தகத்துக்கு வரைஞ்சவர் ஏஐயைப் பயன்படுத்தினது தெரிஞ்சு, இனிமே கூடாதுன்னு விதியைத் திருத்தினாங்க. என்னிஸ் விருதுக் குழுவும் 2025இல் எதிர்ப்பு வந்த பிறகு, ஜெனரேட்டிவ் ஏஐ கலந்த புத்தகத்தை இனி ஏத்துக்கிறதில்லைன்னு அறிவிச்சாச்சு. அது ஒரு பக்கம். எனக்கு அதைவிடப் பெரிய காரணம் அந்தப் புலித் தலை. சோதனைக்கு அன்னிக்கு ராத்திரியே "சோழர் துறைமுகம்"னு கேட்டுப் பார்த்தோம். ராஜஸ்தான் அரண்மனைக் குவிமாடமும் வட இந்தியத் தலைப்பாகையும் வந்தது. ஏற்கனவே இருக்கிற படங்களின் சராசரிதானே அது. நம்ம ஊரைப் பத்தி சரியான படங்கள் கம்மியா இருக்குன்னுதான் இந்தப் புத்தகத்தையே ஆரம்பிச்சோம். அந்தச் சராசரியை மறுபடி எடுத்து அட்டையில் ஒட்டவா?

இலவசப் படம் வேணும்னா வேற வழி உண்டு. பிரிட்டிஷ் லைப்ரரி 2013 டிசம்பரில், 17 முதல் 19ஆம் நூற்றாண்டு வரைக்குமான புத்தகங்களில் இருந்து பத்து லட்சத்துக்கு மேல் படங்களை எடுத்து, ஃப்ளிக்கரில் யாரும் பயன்படுத்தலாம்னு போட்டாங்க. 2023இல் நடந்த சைபர் தாக்குதலில் லைப்ரரியின் சொந்த சேவைகள் மாசக்கணக்கில் படுத்தப்பவும், வெளியே வெச்சிருந்த இந்தத் தொகுப்பு தன் பாட்டுக்கு இருந்தது. பேக்கப் பத்திப் பேசுறவங்க குறிச்சுக்கங்க. குட்டிப் புத்தகக்காரர்களுக்கு இது தங்கச் சுரங்கம். ஆனா நமக்கு ஒரு கவனம் வேணும். அதில் இருக்கிற தென்னிந்தியப் படங்கள் பெரும்பாலும் வெள்ளைக்காரப் பயணி பார்வையில் வரைஞ்சது. கோயில் சிலையைப் பேயா வரைஞ்சு வெச்சிருப்பான். காப்புரிமை இல்லைங்கிறதால மட்டும் எடுத்து ஒட்டிட முடியாது. நாங்க அதிலிருந்து எடுக்க முடிவு பண்ணினது கப்பல், நங்கூரம், கயிறு, மீன். மனுஷங்களை நம்ம ஓவியர்தான் வரையணும்.

மலேசியாவில் செடெக் சியூ எழுத, முன் காவ் வரைந்த 'எ தவுசண்ட் தவுசண்ட் ஐலண்ட்ஸ்' வரிசையைத் தேடிப் பாருங்க. மெல்லிசு புத்தகங்கள், கறுப்பு வெள்ளை. ஆனா தென்கிழக்கு ஆசியக் கிராமம், காடு, ஆறு, அங்கே உட்கார்ந்திருக்கிற மனுஷனோட முழங்கால் மடிப்பு வரைக்கும் அந்த ஊர்க்காரர் கண்ணில் இருந்து வந்தது. பக்கத்துக்குப் பக்கம் வண்ணம் எதுக்கு, இப்படி ஒரு கை கிடைச்சா?

கடைசியில் 590ஐப் பிரிச்சது இப்படி: அட்டைக்கு ஒரே ஒரு ஓவியம், 180 பவுண்டு, ஈஸ்ட் ஹாமிலேயே இருக்கிற ஒரு ஓவியருக்கு. பக்க அமைப்புக்கும் எடிட்டிங்குக்கும் 350. மீதி 60 மாதிரிப் பிரதிகளுக்கு. துறைமுக வரைபடம் நாங்களே வரையறோம். அது சுமாரா இருந்தாலும் பரவாயில்லை, மேசையில் அதிகம் பார்க்கப்படப் போறது அதுதான், எழுத்து தெளிவா இருந்தா போதும். முழுசும் ஓவியத்துக்குன்னு சொன்ன நண்பருக்கு இன்னும் கோபம். அவர் சொல்றதில் நியாயம் இருக்கான்னு டிசம்பரில் விற்கிற எண்ணிக்கை சொல்லும்.

350ஐ ஏன் பக்க அமைப்புக்கு ஒதுக்கினோம்னா, தமிழ். இங்கே சின்னப் பதிப்பகங்கள் பெரும்பாலும் பயன்படுத்துற அஃபினிட்டி மென்பொருள், நாட்டிங்கமில் பிறந்தது, மலிவு, 2025 அக்டோபரில் இலவசமாவும் ஆயிடுச்சு. ஆனா நம்ம எழுத்துக்களை இணைச்சுக் காட்டுற வசதி பல வருஷமா அதில் இல்லை. "கொற்கை"ன்னு ஒட்டினா கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம், நடுவில் புள்ளி வட்டம். இன்டிசைனில் வேர்ல்ட்-ரெடி கம்போசரைத் தட்டிவிட்டா சரியா வரும், ஆனா மாசச் சந்தா. ஸ்கிரைபஸ் இலவசம், 1.5.3 பதிப்பில் இருந்து ஹார்ஃப்பஸ் உள்ளே வந்ததால தமிழ் ஒழுங்கா வருது. மெனுக்கள் 2005இல் உறைஞ்சு நிக்குது, அது வேற கதை. எழுத்துருக்களுக்குப் பஞ்சம் இல்லை. கட்டமரான், முக்தா மலர், நோட்டோ எல்லாம் இலவசம்.

அடுத்த சிக்கல் வார்த்தை நீளம். ஏ5 பக்கத்தை ரெண்டு பத்தியாப் பிரிச்சு, வரியை ரெண்டு ஓரமும் நிரப்பினா, "காவிரிப்பூம்பட்டினத்திலிருந்து" ஒரு வரியை ஒத்தையா ஆக்கிரமிக்கும். அதுக்கு மேல் வரியில் ரெண்டு வார்த்தைக்கு நடுவில் லாரி போகலாம். நம்ம நாளிதழ்கள் கோடு கூடப் போடாமல் எழுத்தை எங்கே வேணும்னாலும் உடைச்சுச் சமாளிப்பாங்க. நாளிதழில் கண் பழகிடுச்சு. விளையாட்டு நடுவில் ஒரு விதியைத் தேடுறப்போ அது தொல்லை. டெக்கில் சந்தோஷ் தோட்டிங்கல் எழுதின தமிழ்ச் சொல் பிரிப்பு முறை இருக்கு, அதையும் பரிசோதிச்சுப் பார்க்கிறோம். இப்போதைக்கு முடிவு: ஒரே பத்தி, இடது ஓரம் மட்டும் சீர், தமிழ் இடப்பக்கம், இங்கிலீஷ் வலப்பக்கம், எதிரெதிரே ஒரே விதி.

பிடிஎஃப்பில் தமிழைத் தேட முடியணும் என்கிறது என் தனிப்பட்ட பிடிவாதம். பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த பிடிஎஃப்பைத் திறந்து "நீச்சல்"னு தேடிப் பாருங்க, ஒண்ணும் வராது. உள்ளே இருக்கிறது இங்கிலீஷ் எழுத்துக் குப்பை. யுனிகோடில் கட்டினாலும், கொம்பு வைத்த எழுத்துக்கள் காப்பி பண்ணினா இடம் மாறுற பிடிஎஃப் நிறைய உண்டு. எங்க முதல் மாதிரியில் 36 பக்கத்தையும் தேடல் சோதனைக்குப் போட்டோம். "ஒ", "ஓ" ரெண்டும் சரி. "கொ", "கோ", "கௌ" வர்ற வார்த்தைகள் சிலதில் இன்னும் தகராறு. ஸ்கிரைபஸிலோ இன்டிசைனிலோ இதைத் தீர்த்தவங்க யாராவது இருந்தா, தயவுசெய்து இந்த மெயிலுக்கே பதில் போடுங்க. மாதிரிப் பிரதி ஒண்ணு உங்களுக்கு.